காரண்டுக்கு எந்த மருந்து?

எங்கள் ஊர்ப்பக்கம் துப்பாக்கிக்குப் போடுவதை மருந்து என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் ஒஹாயோவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. பழைய ராணுவ ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறேன். இன்னும் வாயில் அந்தச் சொல்தான் வருகிறது. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பச் சட்டம் அனுமதிக்கிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது எம்1 காரண்ட். அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்ட ரைஃபிள். .30-06 தோட்டா, எட்டு எட்டாக ஒரு கிளிப்பில் சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். கடைசித் தோட்டா வெடித்ததும் கிளிப் 'டிங்' என்று வெளியே துள்ளும். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: ".30-06-க்கு எந்த மருந்து நல்லது?" கேள்வியே கொஞ்சம் தவறு. .30-06-க்கு நல்ல மருந்து நிறைய இருக்கிறது. அவற்றில் பல காரண்டுக்கு ஆகாது.

காரணம் இதுதான். காரண்டின் குழலில், வாய்க்குச் சற்று முன்னால், அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் அதன் வழியே இறங்கி, ஆப்பரேட்டிங் ராடு என்ற நீண்ட தண்டைப் பின்னுக்குத் தள்ளும். அது போல்ட்டை, அதாவது தோட்டா இருக்கும் அறையின் பின்பக்கத்தை மூடும் இரும்புப் பூட்டைத் திறந்து, வெடித்த தோட்டாவின் காலிக் கூட்டை எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றும். மெதுவாக எரியும் மருந்து என்றால், குண்டு துளையைத் தாண்டும்போதும் வாயு அழுத்தம் குறையாமல் நிற்கும். அறையில் உச்ச அழுத்தம் பாதுகாப்பான அளவுக்குள்தான் இருக்கும், ஆனாலும் துளையில் இறங்கும் வாயு அந்தத் தண்டைச் சுத்தியலால் அடித்த மாதிரி அடிக்கும். நாளாக ஆகத் தண்டு கோணிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். சுடும் ரேஞ்சில் ஒரு பெரியவர், 180 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சின்ன எடை அலகு) குண்டு போட்ட வேட்டைத் தோட்டாக்களைத் தன் காரண்டில் சுட்டுக்கொண்டிருந்தார். வெளியே விழுந்த கூடுகளின் விளிம்பை, கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிய்த்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது தண்டு அதன் பள்ளத்தில் உராய்ந்து சிக்கியது. அவருடைய தந்தை விட்டுப்போன ரைஃபிள் அது. அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் என் பதில்: ஐஎம்ஆர் 4895 என்ற மருந்து. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த ரைஃபிளுக்கான எம்2 தோட்டாவில் ராணுவமே இந்த வகை மருந்தைத்தான் போட்டது. போர் முடிந்ததும் மிஞ்சிப்போன 4895-ஐ வாங்கி விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜ்டன் தன் தொழிலையே தொடங்கினார். பின்னால் அவர்கள் கொண்டுவந்ததுதான் எச் 4895. வெயிலுக்கும் குளிருக்கும் வேகம் அதிகம் மாறாது என்பது அதன் பலம். ஒஹாயோவின் மார்ச் மாதக் குளிரிலும் ஜூலைப் புழுக்கத்திலும் சுடுகிறவனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் எண் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கான அளவை மற்றதற்குப் போடக்கூடாது.

ஐஎம்ஆர் 4064-உம் நல்லது, குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழும். ஆனால் அதன் குச்சிகள் நீளம், உடைத்த சேமியா மாதிரி. அளவுக்கருவியில் நொறுங்கி மாட்டும், ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தாக வேண்டும். 4895 அதைவிடக் குட்டை. பென்சில் லெட்டைப் பொடிப்பொடியாக வெட்டியது போல இருக்கும், சீராக இறங்கும். பொதுவாக ஐஎம்ஆர் 3031-க்கும் ஐஎம்ஆர் 4320-க்கும் இடைப்பட்ட எரிவேகத்தில் தேடுங்கள். மெதுவாக எரியும் 4350, 4831 எல்லாம் வேட்டை ரைஃபிளுக்கு விட்டுவிடுங்கள். 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் போல கையால் போல்ட் இழுக்கும் ரைஃபிள் என்றால் இந்தக் கவலையே இல்லை, அதில் வாயுத் துளை கிடையாது.

4895-இல் இன்னொரு நிம்மதி, கூட்டில் அது பாதிக்கு மேல் நிறைந்து நிற்கும். மறதியில் இரண்டாம் முறை ஊற்றினால் வழிந்துவிடும், கண்ணுக்குத் தெரியும்.

அளவு எத்தனை கிரெயின் என்று நான் எழுத மாட்டேன். மருந்து நிறுவனத்தின் கையேட்டில் பாருங்கள். சாதாரண .30-06 பக்கத்தை விட்டுவிட்டு, காரண்டுக்கென்று தனியாக இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். குண்டு செய்யும் ஹார்னடி நிறுவனத்தின் கையேட்டில் அப்படி ஒரு பகுதி உண்டு. குண்டு 150 முதல் 168 கிரெயின் வரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சொன்ன தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள். எம்2 தோட்டாவின் 152 கிரெயின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,700-லிருந்து 2,800 அடி வேகத்தில் போனது. அதைத் தாண்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரியில் நடக்கும் காரண்ட் போட்டியில் தூரம் 200 கெஜம்தான். போல்ட் நம்பிக்கையாகத் திறந்து மூடும் குறைந்த அளவில் நின்றுவிடுவது என் பழக்கம். ரைஃபிளுக்கு எண்பது வயது.

ப்ரைமரில், அதாவது கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில், கவனம் வேண்டும். அதை அடிக்கும் காரண்டின் ஊசி தளர்வாகத்தான் இருக்கும், போல்ட் மூடும்போதே ப்ரைமரை லேசாகத் தட்டும். ராணுவ ரைஃபிளுக்கென்று கடினமாகச் செய்த சிசிஐ 34 போன்றதைப் போட்டு, கூட்டின் அடியைவிடச் சற்று உள்ளே அழுத்தி வையுங்கள்.

அப்புறம், லேபிள் இல்லாத டப்பாவில் "பழைய ராணுவ 4895" என்று யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நல்ல மருந்தைத் திறந்தால் லேசான ஸ்பிரிட் வாசம் வரும். கெட்டது புளித்த அமில நெடி அடிக்கும், செம்பழுப்புத் தூசி படிந்திருக்கும். கெட்டதைப் புல்வெளியில் மெல்லிசாகத் தூவிவிடலாம், உரமாகிவிடும்.

நிரப்பும் மேசையில் ஒரே ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். நிரப்பி முடித்ததும் மீதியை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டு, தோட்டாப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர், அளவு, குண்டு, தேதி, டப்பாவின் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பது) இத்தனையும் எழுதுகிறேன். லாட் எண் மாறினால் மறுபடி கீழிருந்து தொடங்கி, முதலில் எட்டே எட்டு நிரப்பி ரேஞ்சுக்கு எடுத்துப் போகிறேன்.