தடிமன் மருந்தில் நாம் விடும் பிழைகள்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கற் டின் இருக்கிறது. அதற்குள் பிஸ்கற் இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது இருப்பவை: பனடோல் காட் (குளிசை அட்டை) இரண்டு மூன்று, லண்டன் சித்தி கொடுத்தனுப்பிய லெம்சிப் பைக்கற்றுகள், கட்டாரில் வேலை செய்த மச்சான் கொண்டுவந்த தடிமன் குளிசைகள், கனடாவிலிருந்து வந்த ஒரு டைலனோல் போத்தல், பாமசியில் தந்த பெயரில்லாத வெள்ளை உறைகள் ஏழெட்டு. திருகோணமலையில் பாதி வீடுகளில் இப்படியொரு டின் இருக்கும் என்று துணிந்து சொல்வேன்.

போன மார்கழி மழைக்கு அம்மாவுக்குத் தடிமன் பிடித்தது. மூக்கால் ஒழுகல், தலையிடி, இலேசான காய்ச்சல். இரவு நான் வேலையால் வந்து, "இன்றைக்கு என்ன மருந்து போட்டீங்கள்?" என்று கேட்டேன். "பெருசா ஒன்றுமில்லை, ரெண்டு பனடோல்தான்" என்றார். கிண்டிக் கேட்டபோதுதான் முழுக் கணக்கும் வெளியே வந்தது. காலை ஆறரைக்கு பனடோல் இரண்டு. ஒன்பதரைக்கு மச்சானின் தடிமன் குளிசை இரண்டு. மதியம் சுடுநீரில் கரைத்து ஒரு லெம்சிப். பின்னேரம் திரும்பவும் பனடோல் இரண்டு. படுக்கமுன் போடுவதற்கென்று டைலனோல் இரண்டை எடுத்து மேசையில் வைத்திருந்தார்.

அம்மாவைப் பொறுத்தவரை இவை நான்கும் வேறு வேறு மருந்துகள். நான்குக்குள்ளும் இருப்பது ஒரே சரக்கு: பரசிட்டமோல். பனடோல் குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம். மச்சானின் குளிசையிலும் அதே 500. லெம்சிப் மக்ஸ் என்றால் ஒரு பைக்கற்றிலேயே 1000. கனடாவிலும் அமெரிக்காவிலும் இதே மருந்துக்கு அசெட்டமினோஃபன் என்று பெயர், அதனால்தான் டைலனோல் போத்தலைப் பார்த்தால் பலருக்குப் பிடிபடுவதில்லை. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் உச்ச அளவு 4000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. ஒருமுறை போட்டால் அடுத்த முறைக்குக் குறைந்தது நான்கு மணித்தியாலம் விட வேண்டும். அம்மா பின்னேரத்துக்குள்ளேயே எட்டுக் குளிசைக் கணக்கை முடித்துவிட்டார். இடைவெளியும் ஓரிடத்தில் மூன்று மணித்தியாலம்தான். அவருடைய நிறையோ 46 கிலோ. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும், தொடர்ந்து குடிப்பவர்களுக்கும் டொக்டர்மார் இந்த அளவை இன்னும் குறைப்பார்கள்.

பரசிட்டமோல் கூடினால் அடிபடுவது ஈரல். அதிலுள்ள சிக்கல், முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான். கொஞ்சம் ஓங்காளம் வரும், அதையும் காய்ச்சலின் கணக்கில் போட்டுவிடுவோம். ஈரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாளாகும். அசெட்டில்சிஸ்டீன் என்ற நச்சுமுறி மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு, ஆனால் அது முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்று பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், விழுங்கிய மருந்தின் காட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அம்மாவை அன்றிரவே ஆஸ்பத்திரியில் காட்டினோம், இரத்தம் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

அந்த வெள்ளை உறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் காட்டைக் கத்தரித்து, நாலு குளிசையை உறையில் போட்டு, மேலே 1-1-1 என்று கிறுக்கித் தருவார்கள். மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் திகதியும் இருக்காது. ஒரு வாரம் போனால் அது இருமலுக்குத் தந்ததா, வயிற்றோட்டத்துக்குத் தந்ததா என்று தந்தவருக்கே தெரியாது. உறையில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதித் தரும்படி கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

இனி எங்கள் ஊருக்கென்றே உள்ள ஆபத்து. இங்கே தடிமன் காலமும் நுளம்புக் காலமும் ஒன்று. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ் பருவமழை தை வரை போகும், அது விட்டுப்போகும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2017 மார்ச்சில் டெங்குவால் பக்கத்துக் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. டெங்குவும் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் வரும்: உடம்பு உளைவு, தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ. உளைவு தாங்க முடியாமல் ஆட்கள் கடைக்குப் போய், "பனடோலுக்குக் கேட்கேல்லை, கொஞ்சம் பலமானதாத் தாங்கோ" என்பார்கள். அந்தப் பலமானது பெரும்பாலும் இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அசிட் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். டெங்குவில் இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்துகொண்டு போகும், இந்த மருந்துகளோ இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தக் கசிவுக்கு வழிவிடும். அஸ்பிரினும் அப்படியே. அஸ்பிரினில் இன்னொன்று: 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் அதைக் கொடுத்தால் ரை நோய்க்குறி என்று ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய வருத்தம் வரக்கூடும். இருதயத்துக்கென்று தினமும் சிறிய அஸ்பிரின் போடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்ததுமே டொக்டரிடம் கேட்க வேண்டும்.

ஆகவே காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அளவோடு. மூக்கு ஒழுகாமல், தும்மல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் கொதித்தால் அதைத் தடிமன் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் கடை மருந்தை விட்டுவிட்டு இரத்தம் சோதிக்கப் போங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் அந்த நேரம்தான் டெங்குவில் பொல்லாத நேரம். வயிற்று நோ, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், எழும்ப ஏலாத சோர்வு, சிறுநீர் குறைவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். தம்பலகாமம் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். டொக்டரிடம் போனால் வயலில் நின்றதை மறக்காமல் சொல்லுங்கள்.

பிரிட்டோனை எங்கள் ஆட்கள் மிட்டாய் மாதிரி நினைக்கிறார்கள். அதிலுள்ள குளோர்ஃபெனிரமின் மூக்கொழுகலைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் நித்திரை தூக்கியடிக்கும். இரவில் கடலுக்குப் போகிறவர், மோட்டார் சைக்கிளில் நிலாவெளி வரை ஓடுகிறவர், கொழும்புக்கு இரவு வான் ஓட்டுகிறவர் இதைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகக்கூடாது. சாராயத்தோடு சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். புரொஸ்ரேட் வீங்கிய வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், குளோக்கோமா உள்ளவர்களுக்குக் கண்ணழுத்தம் கூடும். பல தடிமன் குளிசைகளில் இந்த மருந்து முன்னரே கலந்திருக்கும். அதற்கு மேல் தனியாக ஒரு பிரிட்டோனும் போட்டால் பனடோல் கதையேதான் திரும்பவும்.

மூக்கடைப்புக்கென்று கலக்கும் சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் இரத்தக் குழாயைச் சுருக்குபவை. பிறஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஃபினைல்எஃப்ரினைக் குளிசையாக விழுங்குவதால் மூக்கடைப்புக்குப் பயன் இல்லை என்று 2023இல் அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்துநரின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது, அதற்காகப் பிறஷரைக் கூட்டுவானேன்? மூக்குக்கு விடும் துளி மருந்து உடனே வேலை செய்யும், அதுதான் அதிலுள்ள பொறி. ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும், அதைத் திறக்கத் திரும்பவும் துளி. மாதக்கணக்கில் அந்தப் போத்தலைச் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பிள்ளைகளின் பாணி மருந்தில் நடப்பது அளவுப் பிழை. ஒரே பரசிட்டமோல் பாணி 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லிலீற்றரிலேயே 100 இருக்கும். சொட்டு மருந்தைத் தேக்கரண்டியால் கொடுத்தால் என்னவாகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கணக்கு வயதுக்கு அல்ல, நிறைக்கு: ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். அது 120 போத்தலில் ஆறேகால் மில்லிலீற்றர், 250 போத்தலில் வெறும் மூன்று. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை வாங்கி வையுங்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாணியே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடையில் வாங்கும் இருமல், தடிமன் பாணிகளைக் கொடுக்கக்கூடாது என்று பிரித்தானியாவில் 2009இலேயே அறிவுறுத்திவிட்டார்கள்.

அமொக்சிசிலின் பற்றி ஒரு வரி போதும்: தடிமன் வைரசால் வருவது, அதற்கு அன்ரிபயோட்டிக் கேட்காது. போன முறை மிஞ்சியதை இந்த முறை விழுங்காதீர்கள்.

"இதெல்லாம் வேண்டாம், கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சால் போதும்" என்று அம்மம்மா சொல்வார். இஞ்சியோடு அவித்த கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம்தான், எனக்கும் விருப்பம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதில் போடும் சர்க்கரையையும், கடையில் வாங்கும் இருமல் பாணியின் இனிப்பையும் மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஒரு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வேது பிடிப்பதில் நடக்கும் பெரிய ஆபத்து சுடுநீர் கவிழ்வது. சின்னப் பிள்ளையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கொதிக்கும் சட்டிக்கு முன்னால் இருக்காதீர்கள்.

அந்த இரவுக்குப் பிறகு டின்னைக் கவிழ்த்துத் துப்புரவாக்கினோம். பெயரில்லாத உறைகள் எல்லாம் குப்பைக்குப் போயின, லெம்சிப் பைக்கற்றில் தமிழில் "பனடோல் 2" என்று மார்க்கர் பேனையால் எழுதி ஒட்டினேன். இப்போது மருந்து போட்டால் அம்மா நாட்காட்டித் தாளில் நேரத்தைக் குறிக்கிறார். போன கிழமை பார்த்தேன், "8.10, ரெண்டு" என்று எழுதியிருந்தது. பக்கத்தில், "இனி 12.10க்குப் பிறகு."