தினச் சமையலில் தேங்காய் எண்ணெய்: பாகூர் வீட்டுக் கணக்கு

எங்கள் பக்கம் பொரியலுக்கு மல்லாட்டை எண்ணெய் (கடலை எண்ணெய்), மீன் குழம்புக்கு நல்லெண்ணெய், தலைக்குத் தேங்காய் எண்ணெய். புதுச்சேரி, கடலூர் வீடுகளில் இந்தப் பங்கீட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் நாற்பது வயதுவரை கேட்கவில்லை. 2005-ல் அரசு வேலையில் மாஹேவுக்கு மாற்றல் வந்தது. மாஹே நம் புதுச்சேரி ஆட்சிப்பரப்பைச் சேர்ந்ததுதான், ஆனால் கிடப்பது கேரளத்துக்குள், தலைச்சேரிக்குப் பக்கத்தில். அங்கே நான் குடியிருந்த வீட்டுச் சேச்சி முதல் நாள் கொடுத்த காராமணித் தோரனை, அதாவது தேங்காய் எண்ணெயில் செய்த கேரளப் பொரியலை, பாதி கூடச் சாப்பிட முடியவில்லை. வாயில் வைத்ததும் எண்ணெய் தேய்த்த தலைதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம் கழித்து பாகூர் திரும்பியபோது, அந்த வாசனை இல்லாத பொரியல் எனக்கு ஏதோ விட்டுப்போனது மாதிரி இருந்தது.

வீட்டில் நான் முதல் தடவை தேங்காய் எண்ணெயில் தாளித்தபோது என் மனைவி, "என்னங்க இது, தலைக்குத் தேய்க்கிறதுல போய் பொரியலா?" என்று கரண்டியை வாங்கி வைத்துவிட்டார். இன்று மாதம் 600 மில்லி தேங்காய் எண்ணெய் எங்கள் அடுப்பில் செலவாகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதை, செய்த ஒரு பெரிய தப்போடு சேர்த்து எழுதுகிறேன்.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற வருஷம், காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் கொழுப்பு கரையும், ஞாபக சக்தி கூடும் என்று ஒரு தகவல் கைப்பேசியில் சுற்றி வந்தது. எங்கள் மரத்துக் காய், நாங்களே ஆட்டிய எண்ணெய், இதில் என்ன கெடுதல் வரும் என்று நாலு மாதம் குடித்தேன். சாப்பாட்டில் எதையும் குறைக்கவில்லை. பிறகு ரத்தம் பரிசோதித்தபோது கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 118-லிருந்து 151-க்குப் போயிருந்தது. எடையும் மூன்று கிலோ கூடியிருந்தது. டாக்டர் அம்மா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 120 கலோரி, அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 11 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் வைக்கச் சொல்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது நாளைக்கு 22 கிராம். நான் குடித்த இரண்டு கரண்டியே அந்த 22-ஐ முடித்துவிட்டது. பால், தயிர், கறி, தேங்காய்ச் சட்டினி எல்லாம் அதற்கு மேல்.

அன்று நிறுத்தினேன். எண்ணெயை இல்லை, குடிப்பதை. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: தேங்காய் எண்ணெயை உணவில் கூட்டாதீர்கள். ஏற்கெனவே ஊற்றுகிற எண்ணெயில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. அதில் 40 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு 4 கிராமுக்குள். நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கு முப்பது நாளுக்கு 600 மில்லி. மாதம் பிறந்ததும் அந்த அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிடுவோம். தீர்ந்தால் அடுத்த மாதம்தான். கரண்டியால் அளந்துகொண்டே இருப்பதைவிட இது சுலபம், வீட்டில் யார் சமைத்தாலும் கணக்கு தப்பாது. எல்லா எண்ணெயும் சேர்த்து மாதம் மூன்றேகால் லிட்டரைத் தாண்டவிடுவதில்லை.

கொலஸ்ட்ரால் பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருப்பார்கள். அது உண்மைதான், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் போனால் ரத்தத்தில் எல்.டி.எல். ஏறும். 2020-ல் 'சர்க்குலேஷன்' மருத்துவ இதழில் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, சோயா மாதிரியான எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ சுமார் 10 புள்ளி கூட்டுகிறது என்று வந்தது. நல்ல கொழுப்பான எச்.டி.எல்.-உம் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அது இதை ஈடுகட்டிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'எம்.சி.டி.' (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) என்று சொல்லி விற்கும் எண்ணெயின் குணங்களையும் இதன்மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். அந்த எண்ணெய் வேறு. தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், உடம்பு அதில் பெரும்பகுதியை மற்றக் கொழுப்பைப் போலவே கையாள்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ஏற்கெனவே எல்.டி.எல். அதிகம் உள்ளவர்கள், அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த ஒரு டீஸ்பூனைக்கூட டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். நான் இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறேன்.

சரி, ருசிக்காகத்தான் சாப்பிட வேண்டுமா என்றால், ஆமாம். ருசி எனக்குப் போதுமான காரணம்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தேங்காயே எண்ணெய்தான். துருவிய தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. இட்லிக்கு 30 கிராம் தேங்காய் அரைத்த சட்டினி ஒருவர் சாப்பிட்டால் 10 கிராம் கொழுப்பு போகிறது, அது இரண்டு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சமம். அதனால் தேங்காய்ச் சட்டினியோ, தேங்காய்ப் பால் ஊற்றிய குழம்போ இருக்கிற நாளில் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தொடுவதில்லை. பருப்பு ரசமும் பொரியலும் மட்டும் உள்ள நாள்தான் அதற்கு உரிய நாள்.

எண்ணெய் எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் லேபிளைப் படியுங்கள். சமையலுக்கு உரியது என்று எழுதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். வாசனையும் மினரல் ஆயிலும் கலந்த கூந்தல் எண்ணெய் ஒரே மாதிரி நீலப் பாட்டிலில் வந்தாலும் வாய்க்கு ஆகாது. சுத்தமான தேங்காய் எண்ணெய் சின்ன பாட்டிலில் விற்றாலும் உணவு எண்ணெயாகவே வகைப்படுத்தலாம் என்று வரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த செய்தியைக் காட்டித்தான் என் தம்பி மனைவியைச் சமாதானப்படுத்தினேன்.

கலப்படத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். தேங்காய் எண்ணெய் முழுக்க வெள்ளையாக உறையும். மேலே தனியாக ஒரு அடுக்கு உறையாமல் நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

செக்கில் ஆட்டிக்கொள்கிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் கொல்லையில் 14 மரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது ஒன்பது சாய்ந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வருஷம் வைத்த கன்றுகள் 2018 வாக்கில் காய்க்கத் தொடங்கின, அப்புறம்தான் சொந்தமாக ஆட்டும் பழக்கம் வந்தது. கொப்பரை போடுவதற்குக் காலம் மாசி முதல் வைகாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் தொடாதீர்கள். மழையும் கடல் ஈரமும் சேர்ந்து இரண்டு நாளில் பருப்பின்மேல் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடிக்கும். துடைத்துவிட்டு ஆட்டினால் போச்சு என்று சிலர் சொல்வார்கள். அது கூடாது. பூசணம் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலுக்குக் கெடுதி, துடைத்தால் போகாது. அப்படிப்பட்ட கொப்பரையைக் குப்பைக் குழியில் போட்டுவிடுங்கள்.

முற்றிய காயை உடைத்து, தண்ணீர் வடித்து, ஓட்டோடு வெயிலில் கவிழ்க்காமல் வையுங்கள். இரண்டாம் நாள் பருப்பு ஓட்டைவிட்டு எழும்பும். நோண்டி எடுத்துத் துண்டாக்கி இன்னும் ஐந்தாறு நாள். சாயங்காலம் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். பதம் பார்க்க ஒரு துண்டை வளையுங்கள்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, டக்கென்று ஒடிந்தால் செக்குக்குப் போகலாம். பச்சைத் தேங்காயில் பாதி தண்ணீர்தான், அது நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். கடையில் கொப்பரை வாங்கினால் பளிச்சென்ற வெள்ளையைத் தேடாதீர்கள், வெளுக்கவும் பூச்சி அண்டாமல் இருக்கவும் கந்தகப் புகை போடுவது உண்டு. லேசான பழுப்பு, மூக்கில் காட்டினால் தேங்காய் மிட்டாய் வாசனை, அதுதான் நல்ல கொப்பரை. பத்துக் கிலோ கொப்பரைக்கு ஆறு கிலோவுக்குக் குறையாமல் எண்ணெய் கிடைக்கும். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் வெயிலில் தெளியவிட்டு, அடிக் கசண்டை விட்டு மேலாக வடித்துக்கொள்ளுங்கள். கசண்டு கலந்தால் ஒரு மாதத்தில் காறிவிடும்.

இனி சமையல். வாசனை பிடிக்காதவர்களுக்கு, தேங்காய் ஏற்கெனவே பழகிய பண்டத்தில் தொடங்குங்கள். என் மனைவியை மாற்றியது மரவள்ளிக்கிழங்கு. நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும். உப்பும் மஞ்சளும் போட்டுக் குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், சுட்ட காய்ந்த மிளகாய் ஐந்து, கொட்டைப்பாக்கு அளவில் பாதி புளி, கல்லுப்பு, எல்லாவற்றையும் அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். அதன்மேல் நாலு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயைச் சூடாக்காமல் பச்சையாகவே ஊற்றி விரலால் பிசையுங்கள். நாலு பேருக்கு அன்றைய அளவு அதோடு முடிந்தது. சேச்சி சொல்லிக்கொடுத்த பக்குவம் இது, மாஹேவில் மத்தி வறுவலோடு வைப்பார்கள். என் மனைவி முதலில் கிழங்கின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். இரண்டாவது கிழங்குக்குக் கிண்ணத்தையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்தபடி பொரியல்: புடலங்காய், அவரைக்காய், கொத்தவரங்காய், முருங்கைக்கீரை. தாளிக்க அரை டீஸ்பூன் மட்டும், தீயைக் குறைத்து, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை. காய் வெந்து அடுப்பை அணைத்த பிறகு இரண்டு டீஸ்பூன் பச்சை எண்ணெயைச் சுற்றிலும் விட்டு ஐந்து நிமிஷம் மூடி வைத்துவிடுங்கள். வாசனை முழுதும் காயில் இறங்கும். தாளிப்பிலேயே எல்லாவற்றையும் ஊற்றினால் பாதி வாசனை புகையோடு போய்விடும், அப்புறம் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம். மோர்க்குழம்பு, வாழைக்காய்க் கூட்டு, இட்லிப் பொடி, இவையும் பொருந்தும். பொடிக்கு எங்கள் பேத்தி தேங்காய் எண்ணெய் தவிர வேறு தொடுவதில்லை.

எதற்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். வஞ்சிரம் மீன் குழம்புக்கும் கத்திரிக்காய்க்கும் நல்லெண்ணெயை மாற்றாதீர்கள், புளியோடு அது கூடும் விதமே வேறு. வடை, பூரி, அப்பளத்துக்குச் செக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. வடிகட்டிச் சுத்திகரிக்காத எண்ணெய் 175 டிகிரியிலேயே புகையத் தொடங்கும், பொரிக்கும் சூடு அதைத் தொடும். கேரளத்தில் நேந்திரங்காய் வறுவல் தேங்காய் எண்ணெயில்தான் போடுகிறார்கள், அந்த ருசி எனக்கும் பிடிக்கும், ஆனால் அது விசேஷத்துக்கு. பொரித்து மீந்த எண்ணெயை மறுபடி சூடாக்கிப் பொரிப்பது எந்த எண்ணெயிலும் வேண்டாம்.

பாட்டிலை அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். ஈரக் கரண்டி பட்டால் சிக்கு வாடை வந்துவிடும், அப்படி வந்ததைச் சாப்பிடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் உறையும், மார்கழி, தை விடியற்காலையில் எங்கள் பாட்டிலில் நெய் மாதிரி நிற்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அடுப்பில் வைத்து உருக்கவும் வேண்டாம். குறுகிய வாய்ப் பாட்டில் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர்ச் சொம்பில் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். அகல வாய் டப்பா என்றால் அதுவும் தேவையில்லை, உலர்ந்த ஸ்பூனால் சுரண்டி எடுத்துச் சூடான பொரியலின்மேல் வைத்தால் தானே உருகிவிடும்.