தோற்கும் சீசனில் அணியோடு நிற்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 82 ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். டிசம்பரிலேயே பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) கனவு கலைந்துவிட்டால் மிச்சமிருக்கும் ஐம்பது ஆட்டங்களையும் ரசிகர் எப்படிக் கடப்பது? யாரும் ஒரே ராத்திரியில் தன் அணியை விட்டுவிடுவதில்லை. கோபமும் சலிப்பும் சேர்ந்து பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். அப்புறம் ஒருநாள் ஸ்கோர் பார்க்கக்கூடத் தோன்றாது. இதற்குத் தோல்விகளை மட்டும் குறை சொல்ல முடியாது. தோற்கும் காலத்தில் நாம் ஆட்டத்தைப் பார்க்கும் விதம்தான் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

எல்லாத் தோல்வியும் ஒன்று என்று நினைப்பது

அணி ஏன் தோற்கிறது என்று தெரியாமல் கோபப்படுவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 1995-96 சீசனில் 59 ஆட்டங்களை வென்றது. அடுத்த சீசனில் வென்றது 20 மட்டுமே. அணியின் தூணாக இருந்த டேவிட் ராபின்சன் காயத்தால் 6 ஆட்டங்கள்தான் ஆடினார். சீசன் நடுவில் பயிற்சியாளரை நீக்கிவிட்டு அந்த இடத்துக்குத் தானே வந்தவர், அணியின் பொது மேலாளராக இருந்த கிரெக் போபோவிச். அந்த 1996-97 தோல்விகளை மட்டும் வைத்து அவரை ஒதுக்கியிருந்தால், பின்னால் அவர் ஸ்பர்ஸுக்கு வாங்கித் தந்த ஐந்து பட்டங்கள் இல்லை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸும் 2019-20 சீசனில் 15 வெற்றி, 50 தோல்வியோடு அடிமட்டத்தில் கிடந்தது. அணியின் நட்சத்திரங்களில் ஸ்டெஃப் கரி கை முறிந்து 5 ஆட்டங்களோடு நின்றார், கிளே தாம்சன் ஆடவே இல்லை. 2022-இல் அதே அணி சாம்பியன்.

இது காயத்தால் வந்த சரிவு. திட்டம் போட்டு அடியிலிருந்து கட்டுவது வேறு கதை. ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2019-இல் தன் நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்து, அப்போது அதிகம் பேசப்படாத ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரையும் ஏகப்பட்ட டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கியது (புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட்). 2020-21-இல் 22 வெற்றி, அதற்கடுத்த ஆண்டு 24. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 79-152 என்று 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது; என்பிஏ வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் தோற்றதில்லை. ஆனால் கிளிப்பர்ஸ் தந்த வாய்ப்பு ஒன்றில்தான் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025-இல் தண்டர் பட்டம் வென்றது. ஷே அந்த சீசனின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர்.

மூன்றாவது வகைதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது: காயமும் இல்லை, திட்டமும் தெரியவில்லை, ஆண்டுக்கு ஆண்டு அதே ஓட்டை. உங்கள் அணி எந்த வகையில் இருக்கிறது என்று சீசன் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து யோசியுங்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் களத்தில் இருக்கிறார்களா, இளையவர்களுக்கு நேரம் கிடைக்கிறதா, வரும் ஆண்டுகளின் டிராஃப்ட் வாய்ப்புகள் அணியிடமே இருக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றி எண்ணிக்கையோடு சராசரிப் புள்ளி வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று நான்கு புள்ளியில் அடிக்கடி தோற்கும் அணியும் இருபதில் தோற்கும் அணியும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் அவை ஒரே தரத்து அணிகள் இல்லை.

சொந்த அணி தோற்க வேண்டும் என்று ஆசைப்படுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புத்திசாலித்தனம்போலத் தோன்றும். ‘இந்த வருஷம் போயிற்று, இனித் தோற்றுக்கொண்டே இருந்தால் டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கலாம்’ என்ற கணக்கு. பிப்ரவரி வந்தால் பாதி ரசிகர்கள் இதற்கு மாறிவிடுகிறார்கள்.

கணக்கையே முதலில் பார்ப்போம். டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்பது குலுக்கலில் முடிவாகும். மிக மோசமான அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு முன்பு 25 சதவீதம். 2019-இல் விதியை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்று ஆக்கினார்கள். அந்த விதிப்படி முதல் நான்கு இடங்கள் மட்டுமே குலுக்கலில் முடிவாகும். அதனால் எல்லாரையும்விட அதிகமாகத் தோற்ற அணி ஐந்தாவது இடத்துக்குச் சரியவும் 47.9 சதவீத வாய்ப்பு உண்டு. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023, 2024 இரண்டு ஆண்டும் லீகிலேயே கடைசி. இரண்டு முறையும் கிடைத்தது ஐந்தாவது இடம். 2025-இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டல்லஸ் முதல் இடத்தைத் தட்டிச் சென்று கூப்பர் ஃபிளாகை எடுத்தது.

பாஸ்டன் செல்டிக்ஸ் ரசிகர்களுக்கு 1997 மறந்திருக்காது. 15 வெற்றி, 67 தோல்வி. டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்படவிருந்த டிம் டங்கன் வருவார் என்று ஊரே காத்திருந்தது. குலுக்கலில் டங்கன் ஸ்பர்ஸுக்குப் போனார். செல்டிக்ஸுக்குக் கிடைத்தவை மூன்றாவது, ஆறாவது இடங்கள். மூன்றாவதில் எடுத்த சான்சி பில்லப்ஸை அவருடைய முதல் சீசன் முடிவதற்குள்ளேயே டொரன்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2004-இல் டெட்ராய்ட் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் எம்விபி அதே பில்லப்ஸ். முதல் இடம் கிடைக்காததைவிட, கையில் வந்தவருக்குப் பொறுமை காட்டாததுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

கணக்கு சாதகமாகவே இருந்தாலும் நான் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் அணியின் இருபது வயதுப் பையன் கடைசி நொடியில் போடும் ஷாட் உள்ளே போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தால், நீங்கள் நேசித்த விளையாட்டு அங்கே இல்லை. நிர்வாகம் தன் கணக்கைப் போடட்டும். ரசிகருக்கு அந்த ஷாட் விழுந்தால் குதிக்கும் உரிமை இருக்கிறது. அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்கோரை மட்டும் பார்ப்பது

பிஸ்டன்ஸ் 2023-24 சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றது. 27-வது தோல்வியில் ஒரே சீசனுக்கான என்பிஏ சாதனை உடைந்தது. அன்றைக்கு ப்ரூக்ளினுக்கு எதிராக கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளிகள் அடித்தார். ஸ்கோரை மட்டும் பார்த்தவருக்கு அது இன்னொரு அவமானம். ஆட்டத்தைப் பார்த்தவருக்கோ, அணி யாரைச் சுற்றி எழப்போகிறது என்பது அன்றே தெரிந்திருக்கும். சீசன் 14 வெற்றி, 68 தோல்வியில் முடிந்தது. அடுத்த ஆண்டு பயிற்சியாளர் மாறினார், வெளியிலிருந்து அனுபவசாலிகள் சிலர் வந்தார்கள், இளம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தார்கள். 44 வெற்றி, கூடவே பிளேஆஃப்.

தோற்கும் ஆட்டத்திலும் கவனிக்க நிறைய உண்டு. டிஃபென்ஸில் யார் பேசுகிறார், யார் கை காட்டி மற்றவர்களை நகர்த்துகிறார்? நவம்பரில் இடது பக்கம் போகத் தயங்கிய பையன் மார்ச்சில் போகிறானா? ஒரே ஓர் இளம் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு சீசன் முழுக்க அவரைப் பின்தொடர்வது எனக்குப் பிடித்த வழி. தண்டர் 73 புள்ளியில் தோற்ற அந்த ராத்திரி களத்தில் இருந்தவர்களில் ஒருவர் லூ டார்ட். டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆள். 2025 சாம்பியன் அணியின் டிஃபென்ஸில் அவரும் ஒரு தூண்.

ஒருவர் தலையில் எல்லாப் பழியையும் போடுவது

தோல்விக்கு முகம் தேவைப்படுகிறது. ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டவரோ, அதிகச் சம்பளம் வாங்குபவரோ மாட்டிக்கொள்வார். அவர் ஆட்டத்தை விமர்சிக்கலாம், அதில் தப்பில்லை. அவருடைய சமூக ஊடகப் பக்கத்துக்கே போய்த் திட்டுவதும் குடும்பத்தை இழுப்பதும் கொடுமை. என்பிஏ ஆட்டக்காரர்களில் டெமார் டிரோசன் தன் மனச்சோர்வைப் பற்றியும் கெவின் லவ் ஆட்டத்தின் நடுவே வந்த பதற்றத் தாக்குதலைப் பற்றியும் 2018-இல் வெளிப்படையாகப் பேசினார்கள். இருவரும் அந்தச் சமயத்தில் புகழின் உச்சியில் இருந்தவர்கள்.

விசுவாசம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைப்பது

அணியை நேசிப்பவர் உரிமையாளரையும் நேசிக்க வேண்டியதில்லை. சியாட்டில் ரசிகர்கள் 41 ஆண்டுகள் சூப்பர்சானிக்ஸோடு இருந்தார்கள். 2008-இல் உரிமையாளர்கள் அணியையே ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நிர்வாகம் தப்பு செய்தால் சத்தமாகச் சொல்லுங்கள். டிக்கெட் வாங்காமல் இருப்பதும் அரங்கத்தில் கோஷம் போடுவதும் துரோகம் ஆகாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: முடிவெடுத்தவர்கள் மேல் இருக்கும் கோபம், களத்தில் ஓடுகிறவர்கள் மேல் திரும்பக் கூடாது.

82 ஆட்டங்களையும் கடமையாகப் பார்ப்பது

ஒன்றுகூட விடாமல் பார்த்தால்தான் உண்மையான ரசிகர் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆட்டம் முடிந்ததும் வீட்டில் எரிந்து விழுகிறீர்கள், தூக்கம் வரவில்லை என்றால் இரண்டு வாரம் விடுங்கள். அந்த நாட்களில் பழைய நல்ல ஆட்டம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு அணிகளின் ஆட்டத்தைப் பகைமை இல்லாமல் ரசிக்கலாம். உங்கள் நண்பர் அப்படி விலகியிருந்தால் அவரையும் சீண்டாதீர்கள். அணி மறுபடி வெல்லத் தொடங்கும்போது அவர் திரும்பி வருவார், புதியவர்களும் வருவார்கள். ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்’ என்று கேட்காமல் பக்கத்தில் இடம் கொடுங்கள்.