பேப்பர் வேலையையும் மர்ம நாவலையும் சேத்துக் கொண்டுபோறது எப்பிடி?

யாழ்ப்பாணத்தில நிருபரா இருந்துகொண்டு மர்ம நாவல் எழுத ஆசைப்படுற பெடி பெட்டையள் கனபேர் இருக்கினம், எல்லாரும் முதல்ல கேக்கிறது நேரத்துக்கு எங்க போறது எண்டுதான். நேரத்துக்கு வழி இருக்கு, பிறகு சொல்லுறன். அதைவிடப் பெரிய விசயம், செய்திக்கெண்டு போன இடத்தில கண்டதில எதை நாவலுக்கு எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது எண்டுறது. அதை முதல்லயே முடிவெடுக்காட்டி ரெண்டு வேலையும் பழுதாப்போகும்.

என்ர முடிவு இதுதான்: நடைமுறையை எடுங்கோ, ஆக்களை எடுக்காதேங்கோ. எங்கட ஊர் சின்ன ஊர். கொக்குவில்ல நடந்ததைக் கோண்டாவில் எண்டு மாத்தி, செத்தவரின்ர பேரையும் மாத்திப்போட்டா யாருக்கும் தெரியாது எண்டு நினைக்காதேங்கோ, ரெண்டாம் பக்கம் வாசிக்கேக்கையே சனம் இன்னாற்ற வீட்டுக் கதை எண்டு சொல்லிப்போடும். செத்த பிள்ளையின்ர தாய் இந்தப் புத்தகத்தைக் கையில எடுத்தா அவவுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அவ உங்களோட கதைச்சது செய்திக்கு, நாவலுக்கில்லை. அதால ரெண்டு கொப்பி வைச்சிருங்கோ. செய்திக் கொப்பியில பேர், திகதி, வாக்குமூலம் எல்லாம் இருக்கும், அது செய்திக்கு மட்டும். நாவல் கொப்பியில கோட்ஸ் (நீதிமன்றம்) வாசல்ல சனம் காத்து நிக்கிற விதம், பிரேத அறைக்கு வெளியில சொந்தக்காரர் என்ன சாமான் கொண்டு வருவினம், பொலிஸ்காரர் எந்த நேரம் மரியாதையா கதைக்கினம் எந்த நேரம் இல்லை, இப்பிடி ஒருத்தருக்கும் சொந்தமில்லாத விசயங்கள் மட்டும். கொப்பி மாறி எழுதாதேங்கோ.

காணாமல் ஆக்கப்பட்டவையின்ர விசயத்தில இன்னும் கவனமா இருக்கோணும். மர்மக் கதையில ஒராள் காணாமப் போறதும் கடைசி அத்தியாயத்தில திரும்பி வாறதும் மற்ற ஊர்களில சாதாரண ட்விஸ்ட். 2017 பெப்ரவரியில கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட ரோட்டோரம் போராட்டம் தொடங்கின தாய்மார் இருக்கிற இடத்தில அதை விளையாட்டா எழுத ஏலாது. எழுதுறதெண்டா அதுவே நாவலின்ர மையமா இருக்கட்டும், சும்மா திருப்பத்துக்கு வேண்டாம்.

இனி நடைமுறை. நிருபரா இருக்கிறதால வாற பெரிய லாபமே இதுதான், எங்கட பக்கத்து மர்மக்கதை கனக்க இதிலதான் சறுக்குது. எல்லாம் தமிழ்நாட்டுப் படத்தில பாத்த மாதிரி, இன்ஸ்பெக்டர் ரெண்டு அடி போட, குற்றவாளி அழுதுகொண்டு ஒத்துக்கொள்ள, கதை முடிஞ்சுது. இலங்கையில சாதாரண வழக்கில பொலிஸ் அதிகாரிக்குக் குடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் கோட்ஸில எடுபடாது, சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு. ஆனா 27ஆம் பிரிவில ஒரு வாசல் இருக்கு. சந்தேகநபர் சொன்னதை வைச்சு கத்தியோ நகையோ கண்டுபிடிச்சா, அந்தக் கண்டுபிடிப்போட சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் சாட்சியா எடுக்கலாம். இந்த ரெண்டு பிரிவுக்கும் நடுவிலயே ஒரு முழு நாவல் இருக்கு பாருங்கோ: ஒராள் எல்லாத்தையும் சொல்லிப்போட்டான், ஆனா கிணத்துக்க போட்ட கத்தி மட்டும் கிடைக்கேல்லை, இனி என்ன செய்யிறது?

அதேமாதிரி திடீர் மரணமெண்டா மரண விசாரணை அதிகாரி வருவார், பிரேத பரிசோதனையை சட்ட வைத்திய அதிகாரி செய்வார், நஞ்செண்டு சந்தேகம் வந்தா உடம்பில எடுத்த மாதிரியள் எல்லாம் கொழும்புப் பக்கம் அரச பகுப்பாய்வுக்குப் போகும், முடிவு அடுத்த நாள் வராது. வெளிநாட்டுச் சீரியல்ல வாற மாதிரி அரை மணித்தியாலத்தில ரிப்போட் வாறதா எழுதினா கோட்ஸ் பக்கம் போய்வந்த எந்த வாசகரும் புத்தகத்தை மூடி வைச்சிடுவார். அந்தத் தாமதத்தையே கதையாக்குங்கோ. ரிப்போட் வாறவரைக்கும் சந்தேகநபர் விளக்கமறியல்ல, திகதி திகதியா வழக்கு தள்ளிப்போகுது, அந்த இடைவெளியில சாட்சி ஒராள் கனடாவுக்குப் போயிடுறார்.

நெடுந்தீவையும் யோசிச்சுப் பாருங்கோ. குறிகட்டுவானில இருந்து படகிலதான் போகோணும், கடல் கொந்தளிச்சா படகு ஓடாது. அப்பிடியான நாளில அங்க ஒரு கொலை நடந்தா, செய்தவன் தீவை விட்டுப் போயிருக்க ஏலாது எண்டது எல்லாருக்கும் தெரியும். பிடியாணை இல்லாமப் பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிட்டக் கொண்டு போகோணும், ஆனா பயண நேரம் அந்தக் கணக்கில சேராது எண்டும் சட்டம் சொல்லுது. படகு இல்லாத ராவில அந்தப் பயண நேரம் எப்ப தொடங்குது? இந்தக் கேள்வி ஒரு நல்ல துப்பறியும் ஆளுக்குப் போதும், இதுக்கு உண்மையான ஒரு குடும்பத்தின்ர துக்கமும் தேவையில்லை.

எழுத்து நடையில வாற பிரச்சினை வேற. செய்தி எழுதிப் பழகின கை முதல் பந்தியிலயே ஆர், எங்க, எப்ப, ஏன் எல்லாத்தையும் கொட்டிடும். மர்ம நாவலுக்கு அது விசம். அதுக்கு நான் சொல்லுற பயிற்சி ஒண்டு இருக்கு, நீங்கள் எழுதின ஒரு அத்தியாயத்தை எடுத்து அதில முதல் பந்தியை வெட்டி கடைசியில ஒட்டிப் பாருங்கோ, கனக்க நேரம் கதை உடன நல்லா வந்திடும். அதோட "பொலிஸார் மேலதிக விசாரணைகளை முன்னெடுத்து வருகின்றனர்" எண்டு நாங்கள் முடிக்கிற வசனம் இருக்கே, செய்தி அதோட நிக்கும், நாவல் அதுக்குப் பிறகுதான் தொடங்கோணும். கதைமாந்தர் கதைக்கேக்க "தெரிவித்தார்" "குறிப்பிட்டார்" எல்லாத்தையும் தூக்கி எறியுங்கோ. ஊர்க்கிழவி ஊர்க்கிழவி மாதிரிக் கதைக்கட்டும்.

நேரம். காலைப் பேப்பரில வேலை எண்டா பகல் முழுக்க கோட்ஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஆஸ்பத்திரி, பின்னேரம் ரைப் பண்ணுறது, ராவில பக்கம் முடியுமட்டும் போன் அடிச்சுக்கொண்டே இருக்கும். அதால ராவில எழுதுறன் எண்டு திட்டம் போடாதேங்கோ, நடக்காது. விடியக்காலமை போன் தொடமுதல் எழுதுங்கோ. ஒரு நாளைக்கு 300 சொல் போதும், கிழமையில அஞ்சு நாள் எண்டா 1500, நாப்பது கிழமையில 60,000 சொல், அது ஒரு நாவல். நல்லூர்த் திருவிழா 25 நாளும், தேர்தல் காலமும், மாவீரர் நாள் வாற நவம்பர் கடைசிக் கிழமையும் ஒண்டும் நடக்காது எண்டு முதலே கலண்டரில வெட்டி விடுங்கோ, பிறகு மனம் உடையத் தேவையில்லை. கோட்ஸில வழக்குக் கூப்பிடுமட்டும் இருக்கிற நேரம் நல்ல நேரம், உள்ள போனை எடுக்க விடமாட்டினம், ஆனா கொப்பியில உரையாடல் எழுதலாம். கொலையாளி ஆர், எப்பிடி மாட்டுறான் எண்டு முதலே ஒரு பக்கத்தில எழுதி வைச்சிருங்கோ, அப்பதான் துண்டு துண்டா எழுதினாலும் தடம் மாறாது.

விபத்தோ வாள்வெட்டோ பாத்திட்டு வந்த நாளில மட்டும் நாவலைத் தொடாதேங்கோ. அண்டைக்கு கண்ணுக்குள்ள நிக்கிற உடம்புதான் கதைக்குள்ள வந்து விழும், அது அந்த ஆளுக்கும் நல்லதில்லை உங்களுக்கும் நல்லதில்லை. குளிச்சு, சாப்பிட்டு, வீட்டு ஆக்களோட கதைச்சிட்டுப் படுங்கோ, 300 சொல் போனாப் போகட்டும்.

சட்டப் பக்கம் ரெண்டு மூண்டு விசயம். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வேலைக்காக எழுதினதின்ர பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில வேறமாதிரி இல்லாட்டி, முதலாளிக்குத்தான். அதால நாவலை ஒபிஸ் கொம்பியூட்டரில எழுதாதேங்கோ, ஒபிஸ் நேரத்திலயும் வேண்டாம், எடிற்றருக்கு நேர சொல்லி, நாவல் உங்கட சொந்த வேலை எண்டு ஒரு கடிதமும் வாங்கி வையுங்கோ. நீங்களே செய்தி எழுதிற, இன்னும் முடியாத வழக்கு எதையும் கதைக்குள்ள கொண்டு வராதேங்கோ. பாலியல் குற்றங்களில பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுற மாதிரி பிரசுரிக்கிறது குற்றம், கதை எண்டு சொல்லித் தப்பலாம் எண்டு நினைக்கவேண்டாம். பிரஸ் கார்ட்டைக் காட்டி நாவலுக்குத் தகவல் எடுக்கிறதும் சரியில்லை. பொலிஸ் நடைமுறை விளங்கோணும் எண்டா ஓய்வு பெற்ற அதிகாரியிட்டப் போய், நான் நாவல் எழுதிறன் எண்டு சொல்லியே கேளுங்கோ, அவையள் ஆசையாச் சொல்லுவினம்.

எழுதி முடிய ஞாயிறு வெளியீட்டில தொடராப் போடலாம், ஆனா முழுசா முடிஞ்ச பிறகு மட்டும் குடுங்கோ, ஏழாவது கிழமையில போட்ட துப்பை இருபதாவது கிழமையில மாத்த ஏலாது. புத்தகமாப் போடுறதெண்டா ஐஎஸ்பிஎன் இலக்கம் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில எடுக்கலாம். வெளியீட்டு விழாவுக்கு பொலிஸ் பெரியவரையோ அரசியல்வாதியையோ பிரதம விருந்தினராக் கூப்பிடச் சொல்லி ஆக்கள் வருவினம், கூப்பிடாதேங்கோ. அடுத்த கிழமையே நீங்கள் அவரைப் பற்றிச் செய்தி எழுதவேண்டி வரலாம். உங்களுக்குப் படிப்பிச்ச தமிழ் ரீச்சரைக் கூப்பிடுங்கோ.