சிலுவைப்போர்களைக் குழப்பமில்லாமல் படிக்க ஒரு வழி

முதலாம், இரண்டாம், மூன்றாம் என்று எண் போட்டு மனப்பாடம் செய்தால் சிலுவைப்போர்கள் தேர்வறையில் கட்டாயம் குழம்பும். எண்களை விட்டுவிட்டு, ஜெருசலேம் எப்போது யார் கையில் இருந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

1095இல் போப் இரண்டாம் அர்பன், ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கப் போருக்கு வரும்படி ஐரோப்பியக் கிறிஸ்தவர்களுக்கு அழைப்பு விடுத்தார். 1099 ஜூலையில் நகரம் சிலுவைப்படையிடம் விழுந்தது. உள்ளே இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் பெருமளவில் கொல்லப்பட்டார்கள். 1187இல் எகிப்து, சிரியாவை ஆண்ட முஸ்லிம் சுல்தான் சலாஹுதீன் நகரைக் கைப்பற்றியபோது அப்படியொரு படுகொலை நடக்கவில்லை. மீட்புப் பணம் கட்டியவர்கள் வெளியேறினார்கள், கட்ட முடியாத பலர் அடிமைகளானார்கள். இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மற்றவை எளிதில் பொருந்தும். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு படையோடு வந்ததே 1187 இழப்பால்தான். அவரால் நகரைப் பிடிக்க முடியவில்லை. 1192 உடன்படிக்கையில் கிறிஸ்தவர்கள் அங்கே யாத்திரை செல்ல அனுமதி கிடைத்தது. 1229இல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் போரிடாமலே, எகிப்து சுல்தான் அல் காமிலுடன் ஒப்பந்தம் போட்டு நகரைப் பெற்றார். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த ஆண்டு அது. 1244இல் மறுபடி கைநழுவியது. 1291இல் சிலுவைப்படையின் கடலோரக் கோட்டையான ஆக்கரும், அப்போது எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் போனது.

1204 மட்டும் இந்த வரிசையில் சேராது. அந்த ஆண்டு சிலுவைப்படை கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடியது. அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.