ஆமோஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் வீட்டு ஜெபக்கூட்டங்களில் தீர்க்கதரிசிகள் என்றாலே பேச்சு கடைசி நாள், யுத்தம் என்று ஓடிவிடும். வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் தொடங்கிப் பாருங்கள். 9 அதிகாரம்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் காலம்; வடக்கு இராச்சியமான இஸ்ரவேலில் காசு புழங்கிய நேரம்.

முதல் இரண்டு அதிகாரங்களுக்கு ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்து, பென்சிலால் குறியுங்கள்: தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், யூதா. அயலவர்களை வரிசையாக வெளுத்து வாங்குகிறார்; இஸ்ரவேலர் தலையாட்டியபடி கேட்டிருப்பார்கள். எட்டாவதாக அவர்கள் பெயரே வருகிறது!

அப்புறம் 8:4-6. ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறக்கலாம் என்று வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். தானியம் அளக்கும் மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசில் நிறுத்து, பதரையும் விற்கிறார்கள். பெரும்போக அறுவடை நேரத்தில் இதைப் படித்தால் விளக்கமே தேவையில்லை. ஈரநெல் என்று மூட்டைக்கு எத்தனை கிலோ கழிக்கிறோம், வயலில் வேலை செய்தவருக்குக் கூலி எப்போது கொடுக்கிறோம் என்று பேச்சை அங்கே திருப்புங்கள். உலக நாடுகளின் பாவத்தை மணிக்கணக்காகப் பேசலாம், அதில் யாருக்கும் வியர்க்காது.

பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கடவுள் சொல்லும் 5:21-24ஐ மட்டும் பாட்டு தொடங்குவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள்.