இங்கிலாந்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாயிற்றா? சேஃப்கார்டிங் (பிள்ளைகளின் பாதுகாப்பு ஏற்பாடு) பற்றிக் கொஞ்சம்

மகள் ரிசப்ஷன் என்னும் முதல் வகுப்பில் சேர்ந்த முதல் மாதம். எனக்கு ரயில் தாமதம். கணவரின் ஒன்றுவிட்ட தம்பியைக் கூட்டிவரச் சொன்னேன். "சித்தப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடியவளை டீச்சர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று நாங்கள் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. நான் போனில் பேசி, மகளின் பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். "என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி பார்த்தாங்க அண்ணி" என்று அவர் அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

எனக்கும் அப்போது கோபம்தான். ஆனால் டீச்சர் செய்ததுதான் சரி. யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளையை அனுப்பிவிடும் பள்ளி நமக்கு வேண்டாமே. சேர்க்கைப் படிவத்தில் அவசரத்துக்கு இரண்டு பேருடைய எண்ணையாவது கொடுங்கள். எண் மாறினால் அன்றே சொல்லுங்கள். பல பள்ளிகளில் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது ஒரு பலகாரத்தின் பெயர். எது என்று சொல்ல மாட்டேன்.

நாம் உறவு சொல்லிக் கூப்பிடுகிற எல்லாரும் இங்கே சட்டப்படி நெருங்கிய உறவு ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை, நெருங்கிய உறவல்லாத ஒருவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, அக்கா, அண்ணன், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள் என்றால் பிரச்சினை இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பாவும், மாமா என்று நாம் கூப்பிடும் நண்பரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பிள்ளையை இங்கே விட்டுவிட்டு விசா வேலையாக ஊருக்குப் போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே பொறுப்பான ஒருவர் உண்டு. டெசிக்னேட்டட் சேஃப்கார்டிங் லீட், சுருக்கமாக டிஎஸ்எல் என்பார்கள். பெரும்பாலும் வரவேற்பறைச் சுவரில் அவர் படம் ஒட்டியிருக்கும். பிள்ளை டீச்சரிடம் கவலைப்படும்படி ஒன்றைச் சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று டீச்சர் வாக்குக் கொடுக்க முடியாது. டிஎஸ்எல்லிடம் சொல்லியாக வேண்டும். "அம்மா கரண்டியால அடிப்பாங்க" என்று பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாலும் அப்படித்தான். உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்மவர்கள் நடுங்குவது அதிகப்படி. பெரும்பாலும் முதலில் வருவது ஒரு போன் அழைப்பு. பதறாமல், மழுப்பாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

அடிக்கலாமா என்று எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் 2020 முதல், வேல்ஸில் 2022 முதல் பெற்றோர் அடிப்பதற்கு முழுத் தடை. இங்கிலாந்தில் "நியாயமான தண்டனை" என்று ஒரு சட்டச் சந்து இன்னும் இருக்கிறது. ஆனால் தடிப்போ காயமோ விழுந்தால் அதில் நுழைந்து தப்பிக்க முடியாது. அந்தச் சந்து பக்கமே போகாதீர்கள்.

சின்னக் குழந்தையை நர்சரியில் விடுகிறவர்களுக்கு ஒன்று. நம் குழந்தைகள் பலருக்கு முதுகிலும் புட்டத்திலும் பிறவியிலேயே நீலச்சாம்பல் நிறத்தில் மச்சம் இருக்கும். நாப்பி மாற்றும்போது பார்க்கிறவருக்கு அடிபட்டுக் கன்றியது போலவே தெரியும். குழந்தையைப் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டரிடமோ, குடும்ப டாக்டரான ஜிபியிடமோ காட்டி, குழந்தையின் உடல்நலப் பதிவான சிவப்புப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே நர்சரியில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டால் முடிந்தது.

லீவு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பிள்ளை வராமல், தகவலும் இல்லாமல் இருந்தால் பள்ளி விசாரிக்கும். யாரையும் பிடிக்க முடியாவிட்டால் வீட்டுக்கே ஆள் வரலாம். காலையிலேயே போன் செய்துவிடுங்கள். ஊர்க் கல்யாணத்துக்கென்று அனுமதியில்லாமல் ஒரு வாரம் போனால் அபராதம் வரக்கூடும். முதல் முறை என்றால், 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, தாண்டினால் 160. இது ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் 80 என்பது 320 ஆகிவிடும்.

உங்களுக்கே ஏதாவது கவலை என்றால் டிஎஸ்எல்லிடம் போங்கள். வெளியில் பேச வேண்டுமானால் என்எஸ்பிசிசி என்னும் குழந்தைகள் பாதுகாப்புத் தொண்டு நிறுவனத்தின் எண் 0808 800 5000. பிள்ளைகள் தாங்களே பேச சைல்டுலைன் 0800 1111.

பள்ளியிலிருந்து கூட்டத்துக்கு அழைத்தால், ஆங்கிலம் தடுமாறும் என்று தோன்றினால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். சித்தப்பாவையும் கூட்டிப்போக வேண்டாம்; மறுநாள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும்.